பால் எடுத்தாச்சா? தாய்ப்பாலும் பம்ப்பும்: எங்கள் ஊர் அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் மலேசியாவிலுள்ள சுங்கை சிப்புட். ஈப்போ நகருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். இங்கே ‘பால்’ என்றால் என் பாட்டி தலைமுறைக்கு முதலில் நினைவு வருவது பால் மரத்துப் பால், அதாவது ரப்பர் பால். விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மரம் வெட்டி, கோப்பையில் வடிந்ததை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடக்கும். நடுவில் ஒரு ஓட்டம் ஓடிவந்து மார்பு கொடுத்துவிட்டு மறுபடி மரத்துக்கு ஓடுவார்களாம். ‘பால் எடுத்தாச்சா?’ என்று அந்தக் காலத்தில் கேட்டால் வாளிப் பாலைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது தோட்டமெல்லாம் பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). எங்கள் பெண்கள் ஃபேக்டரி பஸ் ஏறி ஈப்போ பக்கம் போகிறார்கள். அன்று தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே ஐந்து நிமிட ஓட்டம். இன்று 30 கிலோமீட்டர். பம்ப் நம் வீட்டுக்குள் வந்தது அந்த 30 கிலோமீட்டருக்காகத்தான்.

நான் டாக்டரோ மிஸ்ஸியோ (நர்ஸ்) இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள். மூத்தவனிடம் தடுமாறி, இளையவளிடம் தெளிந்தவள். ‘அக்கா, ஒரு சந்தேகம்’ என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில்கள் இவை.

பிள்ளை பிறந்து இரண்டு நாளாச்சு. பாலே வரலையே?

வருகிறது. சொட்டுக் கணக்கில் வருவதால் நமக்குத் தெரிவதில்லை. முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சீம்பால்தான். கெட்டியாக, மஞ்சளாக, முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். மூன்றாம், நான்காம் நாளில் பால் இறங்கும்போது மார்பு கனத்து உங்களுக்கே தெரியும். ஆபரேஷன் செய்து பிறந்திருந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகலாம்.

இந்த இடைவெளியில்தான் பல பேருக்குக் கணக்கு தப்பிப் போகிறது. பிள்ளை அழுகிறது, யாரோ ஒருவர் டின் பால்மாவு வாங்க ஓடுகிறார், பாட்டிலில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பை மறக்கிறது, மார்பு சப்பப்படாததால் பால் தாமதமாகிறது. கடைசியில் ‘எனக்குப் பாலே இல்லை’ என்ற பேச்சு. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பிள்ளையை மார்பில் போடுங்கள். நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனைகள் 1990களிலிருந்தே தாய்ப்பாலுக்கு ஆதரவான முறையில் நடப்பவை. பாட்டில் கொண்டுவராதே என்று மிஸ்ஸி சத்தம் போட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் சொல்வது சரி.

பிறந்த எடையில் கொஞ்சம் குறைவதும் வழக்கம்தான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பாவிட்டாலோ கட்டாயம் காட்டவேண்டும்.

பால் போதுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பெம்பர்ஸை (டயப்பரை) பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு பெம்பர்ஸாவது நன்றாக நனைந்து கனக்க வேண்டும். மலம் முதலில் தார் மாதிரி கறுப்பாக இருக்கும், பிறகு பச்சை கலந்து வரும், ஐந்தாம் நாள் வாக்கில் கடுகு நிற மஞ்சளாகிவிடும். பால் உள்ளே போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்புறம் கிளினிக்கில் எடை.

மார்பு தொளதொளவென்று ஆகிவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆனால் எல்லாருக்குமே அப்படித்தான் ஆகும். தேவைக்கு ஏற்றபடி உடம்பு பழகிக்கொண்டது என்று பொருள். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை விடாமல் சப்பிக்கொண்டே இருப்பதும் பால் பற்றாக்குறை இல்லை. பிள்ளை அடுத்த வாரத்துக்கு ஆர்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால் மரத்தை நாளும் வெட்ட மாட்டார்கள். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் ஓய்வு கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்திலோ என்னவோ எங்கள் பெரியவர்கள் ‘மார்புக்கும் கொஞ்சம் ஓய்வு கொடு, பால் சேரட்டும்’ என்பார்கள். இங்கே மரத்துக் கணக்கு செல்லாது, கிணற்றுக் கணக்குதான்: இறைத்தால் ஊறும். எடுக்காமல் தேங்கவிட்டால், இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பே சுரப்பைக் குறைத்துவிடும்.

காம்பு வெடித்து ரத்தம் வருது. பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கணுமா?

வேண்டாம். முதல் சில விநாடி சுருக்கென்று இழுப்பது இருக்கலாம். அதற்கு மேலும் வலித்தால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது. காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும்; மூக்கு காம்புக்கு நேரே இருக்கட்டும். ஆவென்று வாயைப் பெரிதாகத் திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நாம் குனிந்து மார்பைத் திணித்தால் நமக்கு முதுகுவலிதான் மிச்சம்.

சரியாகக் கவ்வவில்லையா, இழுத்துப் பிடுங்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி வையுங்கள். கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலையே காம்பில் தடவிக் காற்றில் உலரவிடலாம். பிரசவத்துக்குப் பிறகு கிளினிக் டேசா (கிராம கிளினிக்) மிஸ்ஸி வீட்டுக்கு வருவாரே, அப்போது டீ போட்டுக் கொடுப்பதோடு நிற்காமல் அவர் எதிரிலேயே ஒரு தடவை பால் கொடுத்துக் காட்டுங்கள். என் மூத்தவனுக்கு நான் பத்து நாள் அழுததை ஒரு மிஸ்ஸி தலையணையை ஒரு சாண் உயர்த்தி வைத்துச் சரிசெய்தார்.

சேனைத்தண்ணீர், தேன், உரை மருந்து?

ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், இந்த வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தேன் ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்து கைகால்களை, மூச்சைக்கூடத் தளர்த்திவிடும். வசம்பைக் கையில் கட்டி அழகு பார்க்க விரும்பினால் பாருங்கள். வாயில் உரைத்து ஊற்ற வேண்டாம்.

கண், உடம்பெல்லாம் மஞ்சளா இருக்கு. பாலை நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம், இன்னும் அடிக்கடி கொடுங்கள். மஞ்சள் நிறப் பொருள் மலத்தோடு வெளியேறுகிறது; பால் போனால்தான் மலம் போகும். காலை வெயிலில் காட்டுவது வைத்தியம் ஆகாது. மிஸ்ஸி சோதித்து அளவு கூடியிருக்கிறது என்றால் மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள். ‘ஊசி குத்துவாங்க, பாவம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். அளவு மிஞ்சினால் மூளையைப் பாதிக்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலும், பிள்ளை பால் குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலும் அது அவசரம்.

இன்னொன்று. நம் மருத்துவமனைகளில் பிறந்ததுமே தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி-6-பி-டி சோதனை (ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவா என்று பார்ப்பது) செய்வார்கள். அந்தக் குறை இருக்கிறது என்று பிள்ளையின் புத்தகத்தில் எழுதியிருந்தால் அலமாரியிலிருக்கும் பாச்சை உருண்டையை (நாப்தலீன் உருண்டையை) இன்றைக்கே தூக்கி எறியுங்கள். பாட்டியின் பழைய சேலையில் தூளி கட்டுவது நம் வழக்கம். அந்தச் சேலை உருண்டையோடு வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்ததாக இருக்கும். அந்த வாசமே இப்படிப்பட்ட பிள்ளைக்கு ரத்த அணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். துவைத்துக் காயவைத்தாலும் வாசம் போகாத சேலை வேண்டாம்.

பத்தியத்தில் எதைச் சாப்பிட்டால் பால் ஊறும்?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பதில் உண்டு. பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, வெந்தயக் களி, பப்பாளிக்காய், சுறாப் புட்டு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா பேரீச்சம்பழம் என்பார், சீன ஆன்ட்டி பப்பாளிக்காயும் மீனும் போட்ட சூப் என்பார்.

என் அனுபவத்தில் இவை எல்லாம் ஒரு நல்ல காரியம் செய்கின்றன: பிள்ளை பெற்றவளை உட்காரவைத்துச் சூடாகச் சாப்பாடு போடுகின்றன. அதற்காகவே பத்தியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பால் ஊறுவது முக்கியமாகப் பால் வெளியேறுவதால்தான். சட்டியில் என்ன வெந்தாலும் மார்பு காலியாகாவிட்டால் பயன் குறைவு. வெந்தயம் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சர்க்கரையை இறக்கும். இனிப்புநீர் (நீரிழிவு) மருந்து சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சுறாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடலில் சின்ன மீனைத் தின்று பெரிதான மீன்களில் பாதரசம் சேரும். சுறா அந்த வரிசையில் முன்னால் நிற்பது. பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டாம் என்பதுதான் இன்றைய மருத்துவ ஆலோசனை. என் அத்தை கேட்டபாடில்லை. ‘நான் மூணு பிள்ளைக்கும் தின்னேன்’ என்றார். சண்டை போடாமல், பாசாரில் (சந்தையில்) நல்ல கெம்போங் என்ற சின்ன ரக மீனாக வாங்கிவந்து, ‘அத்தை, அதே பக்குவத்தில் இதில் புட்டு செய்யுங்களேன்’ என்றேன். பூண்டும் மிளகும் சோம்பும் அதேதான். அவித்து உதிர்க்கும்போது முள் எடுப்பதுதான் வேலை. இளையவள் பிறந்தபோது அவரே ‘கெம்போங் வாங்கிட்டு வா’ என்று ஆள் அனுப்பினார்.

தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் மட்டும் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 32, 33 டிகிரி வெயிலில், ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு, பாலும் கொடுக்கும் பெண்ணுக்கு அது கொடுமை. தாகத்துக்குக் குடியுங்கள். வெந்நீர்தான் என்றால் வெந்நீரே குடியுங்கள், ஃபிளாஸ்க்கை உங்கள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சூட்டுக்கு பிராந்தி?

வேண்டாம். பாலில் போகும். பால் இறங்குவதையும் தடுக்கும்.

மார்பு கல்லு மாதிரி கட்டிக்கிச்சு, காய்ச்சல் வேற. பாலைக் கொடுக்கலாமா?

கொடுங்கள். கெட்ட பால் என்று எதுவும் அதில் இல்லை. பால் கட்டியதும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி, அழுத்தி நீவுவது நம் கைவைத்தியம். இப்போது டாக்டர்கள் அழுத்தி நீவ வேண்டாம் என்கிறார்கள். உள்ளே வீங்கியிருக்கும் இடத்தை நசுக்கினால் வீக்கம் கூடும். கொடுத்து முடித்தபின் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், வலிக்குப் பாரசிட்டமால். பிள்ளை கவ்வமுடியாத அளவுக்கு இறுகியிருந்தால் கொஞ்சம் கையால் பீய்ச்சி இளக்கிவிட்டுக் கொடுங்கள். வீக்கம் போகட்டும் என்று பம்ப்பை மணிக்கணக்கில் ஓட்டினால் சுரப்பு இன்னும் ஏறி மறுநாள் இதைவிடக் கட்டும்.

ஓரிடம் சிவந்து, 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர், உடம்பு அடித்துப்போட்டாற்போல வலி என்று ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் கிளினிக் போங்கள். மாத்திரை கொடுத்தால் முழுக் கணக்கையும் சாப்பிட்டு முடியுங்கள். பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னால் அதற்கு ஏற்றதாகவே எழுதுவார்.

எந்த பம்ப் வாங்கலாம்?

முதலில் கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள், காசு செலவில்லை. கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வைத்து, நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். விரல் தோலில் வழுக்கக்கூடாது. சீம்பாலுக்கு எந்த பம்ப்பையும்விடக் கைதான் சிறந்தது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப் நேரத்தை மிச்சப்படுத்தும். பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் வகையும் பிரபலம்; பார்க்க வசதி, ஆனால் சிலருக்கு மார்பு முழுசாகக் காலியாவதில்லை. விலையைவிட முக்கியம் புனல் அளவு. காம்பு புனலின் சுவரில் உரசாமல் தாராளமாகப் போய்வர வேண்டும், கறுப்பு வட்டம் கூடவே இழுபடக்கூடாது. பெட்டியில் வரும் புனல் எல்லாருக்கும் பொருந்தாது.

அக்காவின் பழைய பம்ப் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பால் குழாய்க்குள் போகாதபடி அடைப்பு உள்ள வகையாக இருக்கவேண்டும். புனல், வால்வு, குழாய் எல்லாம் புதிதாக மாற்றுங்கள்.

வருமான வரி கட்டுகிற பெண்ணா நீங்கள்? இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தாய்ப்பால் சாதனங்களுக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வரிக்கழிவு உண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. 2017ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து இருக்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வெயிலில் எழுத்து அழிந்துவிடும், போட்டோ எடுத்து வையுங்கள்.

நல்லா வந்துக்கிட்டிருந்த பால் பம்ப்பில் திடீர்னு பாதியாயிடுச்சு. வத்திப்போச்சா?

பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். இதை நான் சொல்வதற்கு ஒரு கதை உண்டு.

மூத்தவனுக்கு ஐந்து மாதம். ஒரு திங்கட்கிழமை இரண்டு பக்கமும் சேர்த்து 120 மி.லி. வரும் இடத்தில் 50தான் வந்தது. செவ்வாய் 40. புதன்கிழமை அழுகை. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், முருங்கைக் கீரை மூன்று வேளை, அத்தை கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். யார் கண் பட்டதோ என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சனிக்கிழமை பம்ப்பைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அந்த வெள்ளை வால்வைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நுனியில் மயிரிழை போல ஒரு கிழிசல். கட்டைவிரல் நகம் அளவுப் பொருள். அதன் வழியாகக் காற்று ஒழுகி, இழுப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க நான் இல்லாத குறையை என் உடம்பில் தேடிக்கொண்டிருந்தேன். புது வால்வு போட்ட அன்று 110.

தினமும் பல தடவை ஓடும் பம்ப்பின் வால்வு ஓரிரு மாதத்தில் தளர்ந்துவிடும். கழுவும்போது தூரிகையை உள்ளே விட்டுத் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் கிழியும். ஒரு ஜோடி கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். வால்வு சரியாக இருந்தும் குறைந்தால், மாதவிடாய் திரும்பிவந்ததா, சளி மாத்திரை சாப்பிட்டீர்களா, பம்ப் எடுக்கும் வேளை ஒன்று தவறியதா என்று பாருங்கள். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் பாலைக் குறைக்கும்.

எப்போ சேர்க்க ஆரம்பிக்கிறது, எவ்வளவு சேர்க்கணும்?

2023 ஜனவரி முதல் நம் நாட்டு வேலைச் சட்டப்படி பிரசவ விடுமுறை 98 நாள். அதற்கு முன் 60தான். 98 நாள் என்பது 14 வாரம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வது ஆறு மாதம், அதாவது 26 வாரம். மிச்சம் 12 வாரம். முகநூலில் சிலர் ஃபிரீசர் நிறையப் பால் பைகளை அடுக்கிப் படம் போடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வேலைக்குப் போகும் முதல் இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானது இருந்தால் போதும். அதன்பின் இன்று எடுப்பது நாளைக்கு.

ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரி 750 மி.லி. குடிக்கும். நீங்கள் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மணிக்கும் 30 முதல் 45 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி ஷிஃப்டும் பஸ் நேரமும் சேர்த்து 14 மணி என்றால் 420 முதல் 630 மி.லி. வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது, காலையில் முதல் பால் கொடுத்த பிறகு ஒரு தடவை எடுத்துச் சேருங்கள். 30 மி.லி. வந்தாலும் அது மிச்சம்தான். பிள்ளை குடித்துவிட்டுப் போன பாத்திரம் அது.

வேலையில் எங்கே, எப்போ எடுக்கிறது?

தனியார் வேலையில் பம்ப் எடுக்கத் தனி நேரமோ தனி அறையோ கொடுத்தாக வேண்டும் என்று வேலைச் சட்டத்தில் இல்லை. ஆகவே பேசித்தான் வாங்கவேண்டும். விடுமுறை முடியும் முன்பே கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். ‘பால் எடுக்கணும்’ என்று மொட்டையாகச் சொல்லாமல், ‘10 மணி, 1 மணி, 4 மணி, ஒவ்வொன்றும் 20 நிமிஷம், கதவு பூட்டுகிற ஒரு அறை, ஒரு ப்ளக் பாயிண்ட்’ என்று கணக்காகச் சொன்னால் சூப்பர்வைசருக்கும் மறுக்கக் கஷ்டம்.

நான் முதலில் வேலை செய்த இடத்தில் கழிவறையில் எடு என்றார்கள். பிள்ளை சாப்பாட்டை யார் கழிவறையில் செய்வார்கள்? மூன்று வாரம் ஸ்டோர் ரூமில், கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து எடுத்தேன். பிறகு முதலுதவி அறைச் சாவி கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தது தன் நாலு பிள்ளைக்கும் பால் எடுத்த ஒரு மலாய்க்கார அக்கா. உங்களுக்கு முன்னால் இதே இடத்தில் எடுத்தவள் ஒருத்தி நிச்சயம் இருப்பாள், அவளைத் தேடிப் பிடியுங்கள்.

எடுக்கும்போது பாட்டிலை முறைத்துப் பார்த்தால் பால் இறங்காது. பிள்ளையின் போட்டோவையோ, அழுகிற சத்தத்தின் பதிவையோ போனில் வையுங்கள். பாட்டில் மேல் ஒரு காலுறையை மாட்டி மறைத்துவிடுவேன் நான். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

எடுத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும்?

அறைச் சூட்டில் 4 மணி நேரம் என்று எழுதியிருப்பது 25 டிகிரி அறைக்கு. தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அந்தக் கணக்கு ஆகாது. எடுத்ததும் ஐஸ் பெட்டிக்குள் (ஃபிரிட்ஜுக்குள்) வையுங்கள். கீழ்த்தட்டில் 4 நாள், ஃபிரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். ஐஸ் பெட்டிக் கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். உள்ளே பின்பக்கம், பச்சை மீனிலிருந்து தள்ளி வையுங்கள். பையில் தேதி எழுதி, பழையதை முதலில் எடுங்கள்.

ஃபேக்டரி பஸ்ஸுக்கு: உறைந்த ஐஸ் பேக் போட்ட கூலர் பையில் 24 மணி நேரம் தாங்கும். வெறும் ஐஸ் கட்டி போட்டால் உருகி ஊருக்கே தெரியும்.

இளக்கிய பாலை 24 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. மேலே ஆடை பிரிந்து நிற்பது கெட்டுப்போனதால் வருவதில்லை. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். இளகியதும் சவுக்கார வாசம் வருவதும் சிலருடைய பாலில் உண்டு, அது கெடுதல் இல்லை.

பம்ப் பாகங்களைச் சிங்க்கில் போட்டுக் கழுவாமல் அதற்கென்று ஒரு பேசின் வைத்துக்கொள்ளுங்கள். சவுக்காரத் தண்ணீரில் கழுவி, பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை நாளுக்கு ஒரு தடவையாவது 5 நிமிஷம் கொதிக்கவிட்டு, துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள்.

பிள்ளை பார்க்கிற பாட்டிகிட்ட என்ன சொல்லிட்டுப் போறது?

அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவ் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்தில் பையை நிறுத்தி இளஞ்சூடாக்கினால் போதும். 60, 80 மி.லி.யாகப் பிரித்து வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது என்றால் பாட்டிக்கு மனம் வராது, அளவு சின்னதாக இருந்தால் வீணாவதும் குறைவு.

பாட்டில் வாங்காத பிள்ளைகள் உண்டு. என் இளையவள் தொடவே இல்லை. பாட்டி பரணிலிருந்து பழைய வெள்ளிப் பாலாடையை இறக்கினார். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சாய்த்ததும் பூனைக்குட்டி மாதிரி நக்கி நக்கி 70 மி.லி.யையும் முடித்துவிட்டாள். வாயில் ஊற்றாமல் அவளாக எடுத்துக்கொள்ள விட்டதுதான் சூட்சுமம்.

டின் பாலைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். இனிப்புக் கலந்த டின் பாலை, இப்போது கிரீமர் என்று விற்பதை, தண்ணீர் கலந்து குழந்தைக்குக் கொடுத்த காலம் ஒன்று மலாயாவில் இருந்தது. அந்தப் பிரசாரத்தைக் கண்டித்து சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிலேயே பேசினார். டீக்குப் போடுகிற பாலை டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் பிள்ளைக்குப் பால் குடிக்கிற வயது முடியும் வரை வேறு வேலை கேட்டுப் பாருங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் நம் நாட்டில் தடை. மற்ற மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன. வேலை விட்டதும் பிள்ளையைத் தூக்கும் முன்னே குளித்து, உடுப்பு மாற்றுங்கள். அந்த உடுப்பைப் பிள்ளைத் துணியோடு துவைக்க வேண்டாம்.

எனக்குப் பால் நிறைய. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

மனசு நல்ல மனசு, ஆனால் அவசரப்படாதீர்கள். சில கிருமிகள் பால் வழியே போகும். சோதிக்காத பாலை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது நல்லதில்லை. முஸ்லிம் குடும்பமாக இருந்தால் வேறொரு விஷயமும் உண்டு. இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணின் பாலை ஐந்து தடவை குடித்த பிள்ளை அவள் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு முறை ஆகிவிடும், பிற்காலத்தில் கல்யாண உறவு கூடாது. ஆகையால் அவர்கள் மறுத்தால் நம்மைக் கேவலமாக நினைத்து மறுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதி தாய்ப்பால், பாதி மாவு. ஊரே பேசுது.

பேசட்டும். எடுக்கிற 200 மி.லி.யும் பிள்ளைக்குப் போகிறதே. மாவைக் கலக்கும்போது டின்னில் போட்ட அளவுப்படி கலக்குங்கள். மாதக் கடைசியில் டின் தீரப்போகிறது என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

காரணமே இல்லாம அழுகை வருது. பிள்ளையைப் பார்த்தாலே எரிச்சல்.

முதல் பத்து, பதினைந்து நாள் அழுகை பலருக்கும் வரும், போகும். இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, நான் இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றினாலோ கிளினிக்கில் மிஸ்ஸியிடம் அதை அப்படியே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம். பம்ப் உங்களை வதைக்கிறது என்றால் இரவு ஒரு வேளையை வீட்டுக்காரர் பாட்டிலில் கொடுக்கட்டும். தனியாருக்கும் இப்போது 7 நாள் தந்தை விடுமுறை உண்டு. அதில் பாதியை நண்பர்களுக்கு விருந்து வைத்தே தீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போ நிறுத்தலாம்?

ஆறு மாதத்தில் சாப்பாடு ஆரம்பித்து, இரண்டு வயது வரை பாலும் கொடுக்கலாம் என்பது நம் நாட்டுக் கொள்கை. ஒரு வயது தாண்டியதும் வேலையிடத்தில் பம்ப்பை விட்டுவிட்டு, காலையும் இரவும் மட்டும் மார்பில் கொடுப்பவர்கள் அதிகம். ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டும். ஒரு வேளையைக் குறைத்து, நாலைந்து நாள் விட்டு, அடுத்த வேளையைக் குறையுங்கள். முதலில் 4 மணி, பிறகு 10 மணி, கடைசியில் மத்தியானம். நான் அப்படித்தான் மூன்று வாரத்தில் முடித்தேன். முதலுதவி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப்போனபோது, ஏழு மாத வயிற்றோடு ஒரு நேப்பாளப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாவியோடு கூடுதலாக வாங்கிவைத்திருந்த அந்த ஒரு ஜோடி வால்வையும் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.